மதிலில்லாச் சிறை கண்ட சம்பூர்ணானந்தர்

சிறை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவை உயர்ந்த மதிலும், இரும்புக் கம்பியும், துப்பாக்கி ஏந்திய காவலருமே. மதில் இல்லாத சிறையும் உண்டு என்றால் நம்புவார் யார்? ஆனால் அது நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. தம்பானூரில் பேருந்து ஏறிக் காட்டாக்கடை வழியாக நெய்யாறு அணைப் பக்கம் சென்றால் நெட்டுகால்தேரி வரும். அங்கே 1962-ல் திறந்தவெளிச் சிறை தொடங்கப்பட்டது. தண்டனை பெற்றோர் அங்கே ரப்பர்த் தோட்டத்தில் பாடுபடுகின்றனர், பயிர் செய்கின்றனர். நாள்தோறும் தம்பானூரைக் கடந்து செல்லும் நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்? இத்தகைய சிறைகளுக்கு இந்நாட்டில் வழி திறந்தவர்களுள் முதன்மையானவர் சம்பூர்ணானந்தர். அவர் வரலாறு மாணவர் அறிய வேண்டிய வரலாறாகும்.

சம்பூர்ணானந்தர் 1891-ல் காசி நகரில் பிறந்தார். அறிவியல் பயின்று பட்டம் பெற்றார். ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். பிருந்தாவனம், இந்தூர், பிகானேர் ஆகிய ஊர்களில் பணியாற்றினார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்ததும் வேலையைத் துறந்தார். பின்னர்க் காசி வித்யா பீடத்தில் தத்துவம் கற்பித்தார். இந்தியில் பல நூல்கள் எழுதினார். சமதர்மக் கொள்கையில் ஊன்றி நின்றார். விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றார். கம்பிகளுக்குப் பின்னால் மனிதன் படிப்படியாகத் தன் முகத்தையும் முயற்சியையும் இழந்துவிடுவதை உள்ளிருந்தே காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

ஆட்சிப் பொறுப்பு கைக்கு வந்தபின் சிறைவாழ்வை மறந்துவிட்ட தலைவர்கள் உண்டு. இவர் மறக்கவில்லை. உத்தரப் பிரதேச அமைச்சராக இருந்தபோது, 1952-ல், காசி மாவட்டத்தில் சந்திரப்பிரபா ஆற்றின் குறுக்கே அணை கட்டக் கைதிகளை அனுப்பும் திட்டத்திற்கு உயிர் கொடுத்தார். மதில் இல்லை, சங்கிலி இல்லை, கூடாரங்களே சிறை. மாநிலமே அஞ்சியது. கொலைக் குற்றம் புரிந்தவர்களைத் திறந்த வெளியில் விடலாமா என்று பலர் கேட்டனர். அணை எழுந்தது, தப்பி ஓடியவரோ மிகச் சிலர். அதன்பின் முகாம் கர்மநாசா ஆற்றங்கரைக்கு நகர்ந்தது. 1956-ல் மிர்சாப்பூர் மாவட்டத்துக் குர்மாவில், சுர்க் சிமெண்டு ஆலைக்குக் கல் வெட்டும் முகாம் நிலையாக அமைந்தது. இம்முகாம்களுக்குச் சம்பூர்ணானந்தரின் பெயரே வழங்கலாயிற்று.

இம்முகாம்களை நடத்திய விதிகளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நன்னடத்தையும் உடல் வலிவும் உள்ளவரையே தேர்ந்தெடுத்தனர். வெளியாள் பெறும் கூலியைக் கைதிக்கும் கணக்கிட்டனர். உணவுச் செலவு போக எஞ்சிய பணத்தைக் குடும்பத்துக்கு அனுப்பலாம், சேர்த்தும் வைக்கலாம். முகாமில் ஒழுங்காக உழைத்தவருக்குத் தண்டனைக் குறைப்பும் தாராளமாகக் கிடைத்தது. கூலிதான் இவ்விதிகளின் உயிர்நாடி. கூலியை எடுத்துவிட்டால் திறந்தவெளிச் சிறை வெறும் கொத்தடிமைக் கூடமாகிவிடும்! உழைத்து ஈட்டிய காசைத் தன் பிள்ளைக்கு அனுப்பும் தந்தை, தான் இன்னும் ஒரு தந்தை என்பதை மறப்பதில்லை.

உலகமும் அக்காலத்தில் இதே திசையில் நடந்தது. 1955-ல் ஜெனீவாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, தப்பாமல் தடுக்கும் பூட்டுகளை நம்பாமல் கைதியின் தன்னொழுக்கத்தை நம்பும் சிறைகளைப் பரிந்துரைத்தது. 1939-ல் அவுந்து சமஸ்தானத்தில் நடந்த சோதனை ஒன்று, சாந்தாராமின் இந்திப் படத்துக்கு வித்தாயிற்று. அப்படத்தின் தமிழ் வடிவமே 1975-ல் வந்த பல்லாண்டு வாழ்க. திரையில் கண்டு கைதட்டிய கதையை அரசாங்கத் திட்டமாக ஆக்கிக் காட்டியது சம்பூர்ணானந்தரின் பெருமை.

1954 இறுதியில் அவர் முதலமைச்சரானார். வானநூலில் வேட்கை கொண்ட அவர் மாநில வானாய்வுக்கூடம் தோன்றத் துணை நின்றார்; காசியில் சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் கண்டார். 1960-ல் உட்கட்சிப் பூசலால் பதவியை விட்டு விலகினார். 1962-ல் இராசஸ்தான் ஆளுநரானார். பதவி மாறியது, பற்று மாறவில்லை. 1963-ல் செய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் அவர் முயற்சியால் திறந்தவெளிச் சிறை எழுந்தது.

சாங்கானேர் முன்னதினும் ஒருபடி மேலே சென்றது. அங்கே கைதி மனைவி மக்களுடன் வாழ்கிறான். காலையில் ஊருக்குள் வேலைக்குச் செல்கிறான். தன் சோற்றைத் தானே ஈட்டுகிறான். காலையும் மாலையும் பெயர் அழைக்கும்போது இருக்க வேண்டும். அன்றாட ஒழுங்கைக் கைதிகளின் பஞ்சாயத்தே கவனிக்கிறது. தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரே அங்கு வர இயலும். விதி மீறினால் மீண்டும் மதிலுக்குள் செல்ல நேரும். இவற்றுக்கு 1972-ல் முறையான விதிகள் வகுக்கப்பட்டன. முதலில் நம்பிக்கை வந்தது, பின்னரே விதி வந்தது என்பது இங்கே நாம் கற்கும் பாடம்.

1969 சனவரியில் சம்பூர்ணானந்தர் மறைந்தார். கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையையும் ஏற்றிருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1979-ல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது, ஆயுள் தண்டனை பெற்ற இளைஞர் இருவரைத் திறந்தவெளிச் சிறைக்கு மாற்றப் பணித்தார். தமிழகத்திலும் சிங்காநல்லூரிலும், சிவகங்கைப் புரசடைஉடைப்பிலும் இத்தகைய சிறைகள் உண்டு. 2018-ல் உச்ச நீதிமன்றம் இவற்றை முழுதும் பயன்படுத்துமாறும் பெருக்க முயலுமாறும் மாநிலங்களை வலியுறுத்தியது. ஆயினும் நாட்டின் கைதிகளுள் மிகச் சிறு பகுதியினரே இவற்றின் நிழலை அடைந்துள்ளனர். பல மாநில விதிகள் பெண்களை நெடுங்காலம் விலக்கியே வைத்தன.

தோழர்களே! நாளை நம்மில் சிலர் வழக்கறிஞர் ஆவோம். சிலர் அதிகாரி ஆவோம். சிலர் தொழில் நடத்துவோம். தண்டனை முடிந்து வருபவன் நம் வாயிலில் நின்று வேலை கேட்பான். சம்பூர்ணானந்தர் சிறையின் மதிலை அகற்றிக் காட்டினார். அவன் வெளியே வந்தபின் எதிர்ப்படும் மதில் நம் மனத்தில் இருக்கிறது. அதை அகற்றுவது அரசின் வேலையன்று, நம்முடைய வேலை.