வானத்தின் வாயிலைத் திறந்த வீராங்கனை பெஸ்ஸி கோல்மன்

ஒரு சமுதாயத்தின் உயர்வு, அதன் பிள்ளைகள் எட்டிப் பிடிக்கத் துணியும் உயரத்தைப் பொறுத்தே அமைகிறது. நமது கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நம் இளைஞர்களும் இளம் பெண்களும் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை வரலாறு ஒன்றை இங்கு எழுதப் புகுகிறோம். நம் நாட்டின் விமானப் பெண்டிருள், 1936-ஆம் ஆண்டில் இலாகூரில் தனியே விமானம் ஓட்டிய சரளா தக்ராலின் பெயர் போற்றுதற்குரியது. எனினும், பிறப்பினால் இழிவு சுமத்தப்பட்ட குடியிலிருந்து எழுந்து வானத்தை வென்றவர் என்ற முறையில், அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி பெஸ்ஸி கோல்மன் நமக்கு இன்னும் நெருங்கிய உறவினர் ஆகிறார்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1892-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாள் பெஸ்ஸி பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பதின்மூன்று மக்களுள் அவர் பத்தாமவர். அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் இழிவு ஒழியவில்லை. கறுப்பர்க்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை, தனி வாயில் என்பதே அந்நாளைய நியதி. கோல்மன் குடும்பத்தினர் வாக்சஹாச்சி என்னும் ஊரில் பருத்தி நிலத்தை வாரத்திற்குப் பயிரிட்டு வாழ்ந்தனர். 1901-இல் தந்தையார் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். தாயார் பிறர் வீட்டில் வேலை செய்து பிள்ளைகளைக் காத்தார். அவ்வம்மையார் எழுத்தறியாதவர், எனினும் நடமாடும் நூலகத்திலிருந்து நூல்களைப் பெற்றுப் பிள்ளைகளைப் படிக்கச் செய்தார்.

ஓரறைப் பள்ளிக்குப் பெஸ்ஸி நாள்தோறும் நான்கு மைல் நடந்து சென்றார். கணக்கில் அவர் சிறந்து விளங்கினார். பருத்தி எடுக்கும் பருவம் வந்துவிட்டால் பள்ளி மூடப்படும். பிள்ளைகள் காட்டிற்குப் போக வேண்டும். சலவைத் தொழில் செய்து சேர்த்த பணத்தைக் கொண்டு 1910-இல் ஒக்லகோமா மாநிலத்தின் லாங்ஸ்டன் நகரிலிருந்த கறுப்பினத்தார் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு பருவம் முடிவதற்குள் கையிருப்புத் தீர்ந்தது. மீண்டும் சலவைத் தொட்டிக்கே திரும்பினார். அறிவுக் குறைவால் அன்று, பணக் குறைவால் படிப்பு நின்றது. இச்செய்தியைப் படிக்கும்போது, நம் தெருக்களில் இவ்வாறு படிப்பை இழந்த பெண்மக்களின் முகங்கள் நம் கண்முன் நிற்கின்றன.

பின்னர்ச் சிகாகோ நகருக்குச் சென்று தமையன்மாருடன் தங்கினார். அங்கு முடிதிருத்தகம் ஒன்றில் நகம் சீர்செய்யும் பணியாற்றினார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பியோர் விமானங்களைப் பற்றிப் பேசக் கேட்டு, அவருக்கு வானில் பறக்கும் வேட்கை பிறந்தது. பிரான்சு நாட்டுப் பெண்கள் விமானம் ஓட்டுவதைக் கூறித் தமையன் செய்த கேலி, அவ்வேட்கையை உறுதியாக்கிற்று. ஆனால் கறுப்பர் என்றும் பெண் என்றும் காரணம் காட்டி அமெரிக்க விமானப் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன.

இங்கேதான் சமுதாயம் கை கொடுத்தது. சிகாகோ டிஃபெண்டர் என்னும் கறுப்பின மக்கள் இதழை நடத்திய இராபர்ட் அபட், பிரான்சுக்குச் சென்று பயிலுமாறு பெஸ்ஸியை ஊக்கினார். கறுப்பின வங்கியாளரான ஜெசி பிங்காவும் துணை நின்றார். பெஸ்ஸி பிரெஞ்சு மொழியைக் கற்றார். 1920 நவம்பரில் கப்பலேறினார். அதே ஆண்டில்தான், கோல்காபூர் மன்னர் சாகு மகாராசரின் ஆதரவைப் பெற்று, அண்ணல் அம்பேத்கர் தம் படிப்பைத் தொடர மீண்டும் இலண்டன் சென்றார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரான்சின் லெ குரோட்டுவா ஊரிலிருந்த கோட்ரோன் உடன்பிறந்தாரின் பள்ளியில் பெஸ்ஸி பயின்றார். உடன் பயின்ற மாணவர் ஒருவர் விபத்தில் மாண்டதைக் கண்ணாரக் கண்டும் அவர் பின்வாங்கவில்லை. 1921 சூன் 15-ஆம் நாள் பன்னாட்டு விமானச் சங்கத்தின் உரிமம் அவருக்குக் கிடைத்தது. அவ்வுரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே.

1922 செப்டம்பர் 3-ஆம் நாள் நியூயார்க்குக்கு அருகில் அவரது முதல் அமெரிக்க வானூர்தி நிகழ்ச்சி நடந்தது. 1923-இல் கலிபோர்னியாவில் விமானம் விழுந்து கால் முறிந்தது. விலா எலும்புகளும் முறிந்தன. குணமடைந்து மீண்டும் பறந்தார். திரைப்படம் ஒன்றில் நடிக்க ஒப்பியவர், கந்தலாடையுடன் தோன்ற வேண்டும் என்று அறிந்ததும் விலகினார். தம் மக்களை இழிவாகக் காட்டிப் பெறும் பணம் அவருக்கு வேண்டாததாயிற்று. அப்பணம் எவ்வளவு தேவையாயிருந்தபோதிலும் அவர் மனம் மாறவில்லை.

தாம் வளர்ந்த வாக்சஹாச்சியில் நிகழ்ச்சி நடத்த வந்தபோது, வெள்ளையர்க்கு ஒரு வாயிலும் கறுப்பர்க்கு ஒரு வாயிலும் அமைக்க ஏற்பாடாகியிருந்தது. ஒரே வாயில் இல்லையேல் பறக்க மாட்டேன் என்று மறுத்தார். உள்ளே இருக்கைகள் பிரிந்தே இருந்தன. ஆயினும் வாயில் ஒன்றாயிற்று. ஏறக்குறைய அக்காலத்தில், 1924, 1925 ஆண்டுகளில், வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நம் நாட்டில் போராட்டம் நடந்தது. கடல்கள் பல கடந்தும் இழிவு ஒன்றே. அதை எதிர்த்த நெஞ்சுரமும் ஒன்றே.

கறுப்பின இளைஞர்க்கென ஒரு விமானப் பள்ளி நிறுவுவதே அவருடைய பெருங்கனவு. அதற்காக ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினார். அழகு நிலையம் நடத்திப் பொருள் சேர்த்தார். 1926 ஏப்பிரல் 30-ஆம் நாள், புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், மறுநாள் நிகழ்ச்சிக்காக இடம் பார்க்க வானில் எழுந்தார். விமானத்தை ஓட்டியவர் வில்லியம் வில்ஸ். கீழே எட்டிப் பார்க்க வேண்டிப் பெஸ்ஸி இருக்கைவாரை அணியாதிருந்தார். திடீரெனத் தலைகீழாய்ப் பாய்ந்த விமானத்திலிருந்து அவர் தூக்கியெறியப்பட்டு மாண்டார். வில்சும் மாண்டார். இயந்திரப் பகுதியில் கிடந்த திருகுகுறடு ஒன்று கட்டுப்பாட்டுக் கருவியில் சிக்கியதே காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. அப்போது பெஸ்ஸிக்கு வயது 34.

கனவு அவரோடு மடியவில்லை. 1929-இல் வில்லியம் பவல் என்பவர் இலாசு ஏஞ்சலிசில் பெஸ்ஸி கோல்மன் பெயரால் விமானச் சங்கம் அமைத்தார். 1992-இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்ணான மே ஜெமிசன், பெஸ்ஸியின் படத்தைத் தம்முடன் எடுத்துச் சென்றார்.

அன்பார்ந்த இளைஞர்களே! 1930, 1931 ஆண்டுகளில், நம் தேவகோட்டை அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், நம் முன்னோர்மீது ஆதிக்கச் சாதியார் விதித்த தடைகளை வரலாறு பதிந்து வைத்துள்ளது. முழங்காலுக்குக் கீழே ஆடை உடுத்தலாகாது, குடை பிடித்தலாகாது, பிள்ளைகள் எழுத்துக் கற்றலாகாது, மாடு மேய்த்தலே அவர்தம் கடன் என்பன அவற்றுட் சில. அத்தடைகளை மீறிப் பலகையும் கையுமாய்ப் பள்ளிக்குச் சென்றோர் வழிவந்தவர்கள் நாம். இக்கழகம் அவர்கள் இட்ட அடித்தளத்தின் மேல் எழுந்தது.

ஓர் இதழாசிரியரும் ஒரு வங்கியாளரும் முன்வந்ததால் சலவைத் தொழிலாளி ஒருவர் விமானியானார். லாங்ஸ்டன் கல்லூரியில் அவர் படிப்பு நின்றபோது அத்தகைய கை ஒன்றும் நீளவில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே நம் கழகத்தின் கடமையை உணர்த்துகிறது. பணமின்மையால் நம் பெண் ஒருத்தியின் படிப்பும் இடையில் நிற்கலாகாது என்று இவ்வெள்ளி விழாவில் உறுதி பூணுவோம். உறுப்பினர்கள் கொடுங்கள், இளைஞர்கள் கற்றுயருங்கள், உயர்ந்தபின், பின்வருவோர்க்கு வாயிலைத் திறந்து வையுங்கள். பெஸ்ஸிக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.