தமிழவேள் கோ. சாரங்கபாணி: வந்த மண்ணைச் சொந்த மண்ணாக்கிய பெருமகன்

கடல் கடந்து இந்நாட்டிற்கு வந்த நம் முன்னோர், தோட்டங்களில் காலூன்றியதும் செய்த முதற்பணிகளுள் ஒன்று, மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சளும் குங்குமமும் சாத்தித் தம் குலதெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்ததாகும். தஞ்சோங் காராங் முதல் பத்தாங் பெர்ஜுந்தை வரை பால்மரக் காடுகளிலும் தென்னந்தோப்புகளிலும் வியர்வை சிந்திய அம்மக்களின் சுவடு, தென்னமரம் தோட்டம் என்ற பெயரிலேயே இன்றளவும் பதிந்து நிற்கிறது. தெய்வத்தை இம்மண்ணில் குடியேற்றத் தயங்காத அவர்கள், தம்மை இந்நாட்டின் குடிகளாகப் பதிந்துகொள்ள மட்டும் நெடுங்காலம் தயங்கினர். அத்தயக்கத்தைப் போக்கத் தம் எழுதுகோலையும் உழைப்பையும் அர்ப்பணித்தவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. அப்பெருமகனாரின் வாழ்வை இவ்விழா மலரில் நினைவுகூர்வது நம் நன்றிக்கடனாகும்.

சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், ஆழித்தேருக்குப் பெயர்பெற்ற திருவாரூரில் பிறந்தார். 1924இல், தம் இருபத்தோராம் வயதில் சிங்கப்பூர் வந்தார். அக்காலத்தில் சிங்கப்பூரும் மலாயாவும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. பிழைப்புத் தேடி வந்த எத்தனையோ இளைஞர்களைப் போலவே அவரும் ஒரு வணிக நிலையத்தில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தார். நான்கு காசு சேர்த்து ஊர் திரும்பி, நிலம் வாங்கி வாழ்வதே அன்றைய தமிழர் பலரின் கனவாக இருந்தது. சாரங்கபாணியின் உள்ளமோ, தம்மைச் சுற்றியிருந்த தமிழரின் தாழ்நிலையைக் கண்டு வேறு வழியில் சென்றது.

சாதிப் பிரிவினையையும் கல்வியின்மையையும் கப்பலிலேயே உடன் கொண்டுவந்திருந்தது நம் சமுதாயம். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வருகை புரிந்தார். அவருடைய சீர்திருத்தக் கருத்துகள் சாரங்கபாணியை ஆட்கொண்டிருந்தன. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியபோது அதன் முன்னணித் தொண்டராக அவர் விளங்கினார். சமய வழக்கங்கள் சிலவற்றை அவர் கடுமையாகச் சாடியதுண்டு. பக்திநெறி நிற்கும் நமக்கு அவற்றில் உடன்பாடு இல்லாதிருக்கலாம். எனினும், இன்று நம் ஆலயத்தில் எல்லாரும் சாதி பாராமல் ஒரே வரிசையில் நின்று திருநீறு பெறுகிறோமெனில், அந்நிலைக்கு அவரைப் போன்றோர் ஆற்றிய பணியும் ஒரு காரணம் என்பதை மறுத்தல் இயலாது.

1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் தமிழ் முரசு பிறந்தது. வார இதழாகத் தொடங்கிய அது, பின்னர் நாளிதழாக வளர்ந்து தீபகற்பத்துத் தோட்டங்களையும் எட்டியது. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து செவிமடுத்த காலம் அது. ஊர்ச் செய்திக்காக ஏட்டைத் தேடியவர்க்கு, தாம் வாழும் நாட்டைப் பற்றிய அறிவையும் அது ஊட்டியது.

சொல்லும் செயலும் ஒன்றாக வாழ்ந்தவர் அவர். 1937இல் லிம் பூன் நியோ என்னும் சீன மங்கையை வாழ்க்கைத் துணையாக ஏற்றார். சாதி விட்டுச் சாதி மணப்பதே பெருங்குற்றமாகக் கருதப்பட்ட நாளில் அது எளிய செயலன்று. பல இனத்தவர் கலந்து வாழும் நாட்டில் அண்டை வீட்டாரை உறவாகக் கொள்வதே முறை என்பதைத் தம் இல்லறத்தாலேயே அவர் காட்டினார். அதனால் அவருடைய தமிழ்ப்பற்று அணுவளவும் குறையவில்லை.

போருக்குப் பின் நாட்டின் நிலை மாறியது. விடுதலை நெருங்கியது; யார் இந்நாட்டின் குடிமக்கள் என்ற வினா எழுந்தது. இன்றில்லாவிட்டால் நாளை ஊர் திரும்புவோம் என்றிருந்தவர்களும், மனுப் பாரம் நிரப்பத் தெரியாதவர்களும், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களும் நம்மவரில் ஏராளம். குடியுரிமை பெற்றால் தாய்நாட்டுத் தொடர்பு அறுந்துவிடும் என அஞ்சியோரும் உண்டு. 1950களில் சாரங்கபாணி தம் ஏட்டின் வாயிலாக இத்தயக்கத்தை எதிர்த்துப் போராடினார். வாழும் நாட்டின் உரிமைகளைப் பெற்றாலன்றித் தமிழர்க்கு எதிர்காலமில்லை எனத் தொடர்ந்து வற்புறுத்தினார். 1957இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர்கள் தவறாது பதிந்துகொள்ள ஊக்கமூட்டினார்.

அதே 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றது. ஓராண்டுக்குள் மனுச் செய்வோர்க்கு மலாய் மொழித் தேர்வினின்று விலக்கும் அளிக்கப்பட்டது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தியோர் நீல அடையாள அட்டை பெற்றனர். நழுவவிட்டோர் சிவப்பு அட்டையுடன் நின்றனர். 1969இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை உரிமம் கட்டாயமானபோதுதான் அந்த நிற வேற்றுமையின் பொருள் பலர்க்கு விளங்கியது. பல்லாண்டு பால்மரம் சீவிய ஆயிரக்கணக்கானோர், தாம் பெற்ற பிள்ளைகள் பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறினர். சாரங்கபாணியின் எச்சரிக்கை எத்துணை உண்மையானது என்பதற்கு அக்கண்ணீரே சான்று.

குடியுரிமை பெறுவதோடு மொழியையும் பண்பாட்டையும் காப்பதும் இன்றியமையாதது என அவர் கருதினார். 1952ஆம் ஆண்டு தைப்பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கி, சமயமும் சாதியும் கடந்து தமிழரை ஒன்றுகூட்டினார். மாணவர் மணிமன்றத்தை உருவாக்கி இளம் எழுத்தாளர்களை வளர்த்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, சமஸ்கிருதத்திற்கு முதலிடம் தரும் பரிந்துரையை எதிர்த்துத் தமிழே பயிற்றுமொழியாக அமைய வாதாடினார். 1956இல் தொடங்கிய அத்துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க, தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டினார். எளிய மக்கள் மனமுவந்து அளித்த சிறு தொகைகள் நூல்களாயின. இன்று கோலாலம்பூரில் அத்துறையில் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகள் அக்கொடையின் பயனை நுகர்கின்றனர்.

1974ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் தமிழவேள் மறைந்தார். அவர் தொடங்கிய முரசு சிங்கப்பூரில் தொடர்ந்து ஒலிக்கிறது.

அன்பிற்குரிய பக்தப் பெருமக்களே! அப்பெரியார் தொடங்கிய பணி நம் வட்டாரத்தில் முற்றுப்பெற்றுவிட்டதா என நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இந்நாட்டிலேயே பிறந்தும், உரிய பத்திரங்கள் இல்லாமையால் பள்ளியிலும் மருத்துவமனையிலும் அல்லற்படும் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே உள்ளனர். பிறப்பையும் திருமணத்தையும் காலம் தாழ்த்தாமல் பதிவு செய்வோம். வழியறியாத அண்டை வீட்டாரைப் பதிவு அலுவலகத்திற்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். அன்னதானத்திற்கு நிகரான அறம் அது. மரத்தடிக் கல்லில் நம் முன்னோர்க்கு அருள் புரிந்த இறைவன், அவர்தம் வழித்தோன்றல்கள் இம்மண்ணில் தலைநிமிர்ந்து வாழவும் திருவருள் புரிவானாக!