நிலத்தின் வடுக்களைப் படித்தவர்

நிலநடுக்கம் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடுகிறது. இடிந்த வீடுகளை மக்கள் மீண்டும் கட்டிக்கொள்கின்றனர். வளைந்த தண்டவாளங்கள் நிமிர்த்தப்படுகின்றன. ஆனால், உயர்ந்த நிலமும் இடம்பெயர்ந்த பாறையும் தடம் மாறிய ஆறும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அந்த மாற்றங்களை ஆவணம்போலப் படிக்க இந்திய மண்ணில் வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்ட்ஹாம்.

1858 ஜூலை 31 அன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார் அவர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு 1851-இல் தலைமையேற்று அதனைக் கட்டியெழுப்பிய தாமஸ் ஓல்ட்ஹாம்தான் அவருடைய தந்தை. லண்டனில் சுரங்கவியல் கல்லூரியில் பயின்ற மகன், தந்தை மறைந்த மறு ஆண்டான 1879-இல் அதே துறையில் பணியில் சேர்ந்தார். தந்தை தொகுத்து முடிக்காமல் விட்டுச்சென்ற இந்திய நிலநடுக்கங்களின் பட்டியலை நிறைவு செய்து வெளியிட்டது அவருடைய தொடக்கப் பணிகளுள் ஒன்று. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தையும் அவர் ஆராய்ந்தார். அதில் எழுந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினம் உள்ளிட்ட வங்கக் கடலோரத் துறைமுகங்களின் அலைமட்டக் கருவிகளில் பதிவாகியிருந்தது.

அவருடைய வாழ்வின் திருப்புமுனை 1897 ஜூன் 12 மாலை நிகழ்ந்தது. ஷில்லாங் பீடபூமியை மையமாகக் கொண்டு எழுந்த பெரும் நிலநடுக்கத்தில் ஷில்லாங், குவாஹாட்டி, கோல்பாரா ஆகிய ஊர்களின் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. 1,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிரம்மபுத்திரா சமவெளியில் நிலம் பிளந்து, மணலும் நீரும் ஊற்றுகளாகப் பீறிட்டன; கிணறுகளும் வாய்க்கால்களும் மணலால் தூர்ந்தன.

ஓல்ட்ஹாமும் அவருடைய சகாக்களும் மலைகளிலும் சமவெளிகளிலும் அலைந்து தடயங்களைத் திரட்டினர். இடிந்த கட்டடங்களை எண்ணுவதோடு அவர் நிறைவடையவில்லை. கல்லறைத் தூண்கள் எத்திசையில் சாய்ந்தன என்று குறித்தார். மண்ணில் புதைந்திருந்த பாறைகள் சில, தாம் இருந்த குழியின் விளிம்பைச் சிதைக்காமலே மேலெழும்பி வெளியே விழுந்திருந்தன. அங்கே நிலத்தின் அதிர்வு முடுக்கம் புவியீர்ப்பையே விஞ்சியிருக்க வேண்டும் என்பதற்கு அது சான்றாயிற்று.

மிகத் தெளிவான வடு, வடக்கு நோக்கிப் பாயும் செட்ராங் ஆற்றின் பள்ளத்தாக்கில் கிடைத்தது. அங்கே நிலம் ஏறத்தாழ 12 மைல் நீளத்துக்குப் பிளந்து, பிளவின் ஒரு பக்கம் மற்றதைவிட உயர்ந்திருந்தது. உயர வேறுபாடு சில இடங்களில் 35 அடியை எட்டியது. ஆறு அந்தப் பிளவைப் பலமுறை குறுக்கிட்டுச் சென்றது. உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு இறங்கிய இடங்களில் புதிய அருவிகள் தோன்றின. தாழ்ந்த பக்கத்திலிருந்து வந்த நீர் உயர்ந்த பக்கத்தால் மறிக்கப்பட்ட இடங்களில் குளங்கள் தேங்கின. ஆயினும், கண்ணுக்குத் தெரிந்த இந்தப் பிளவையே நிலநடுக்கத்தின் மூலம் என்று அவர் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. பூமிக்கு அடியில் நிகழ்ந்த மிகப் பெரிய இடப்பெயர்ச்சியின் மேற்பரப்பு விளைவுகளுள் ஒன்றாகவே அதனைக் கருதினார்.

1899-இல் வெளியான அவருடைய அறிக்கை நிலநடுக்கவியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. தொலைதூரக் கருவிகளில் பதிவான அதிர்வுகளை ஆராய்ந்து, முதலில் வரும் அலை, அடுத்து வரும் அலை, மேற்பரப்பில் பரவும் அலை என்று மூவகையாகப் பிரித்துக் காட்டினார். உடல்நலக் குறைவால் 1903-இல் பணியிலிருந்து விலகி இங்கிலாந்து திரும்பிய பின்னரும் அந்த அலைகளை அவர் விடவில்லை. பூமியின் ஆழத்தைக் கடந்து மறுபுறம் சென்ற அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வந்ததைக் கொண்டு, பூமிக்குள் தனித்த இயல்புடைய மையக்கரு உண்டு என்று 1906-இல் நிறுவினார். மனிதக் கண் காணவியலாத ஆழத்தை நிலநடுக்கத்தைக் கொண்டே அறிந்த சாதனை அது.

கட்ச் வளைகுடாப் பகுதியின் மீதும் அவருடைய கவனம் நிலைத்திருந்தது. 1819 ஜூன் 16 நிலநடுக்கத்தில் ரண் உப்புநிலத்தின் குறுக்கே 80 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் ஒரு மேடு எழுந்தது. அதன் தெற்கே நிலம் தாழ்ந்து சிந்த்ரி கோட்டை நீரில் மூழ்கியது. மனிதர் கட்டாத அணை என்பதால் மக்கள் அதற்கு அல்லா பந்த் என்று பெயரிட்டனர். இந்த நிலநடுக்கத்தை விரிவாக ஆராய்ந்ததோடு, தமது 1897 ஆய்வையும் மறுபரிசீலனை செய்து ஓல்ட்ஹாம் நூல் வெளியிட்டது 1926-இல். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். புகழ் தந்த முடிவுகளையே மீண்டும் சோதித்துப் பார்க்கும் நேர்மை அவரிடம் இருந்தது. 1936 ஜூலை 15 அன்று வேல்ஸில் அவர் காலமானார்.

அவர் திரட்டிய சான்றுகள் அவருக்குப் பின்னும் பேசின. நில அளவைத் துறையினரின் பழைய அளவீடுகளை மீண்டும் கணக்கிட்ட ரோஜர் பில்ஹாம், பிலிப் இங்கிலாந்து ஆகிய அறிஞர்கள், ஷில்லாங் பீடபூமியின் வடவிளிம்பில் புதைந்திருக்கும் பிளவொன்றே 1897 நிலநடுக்கத்துக்குக் காரணம் என்று 2001-இல் வாதிட்டு, அதற்கு ஓல்ட்ஹாமின் பெயரையே சூட்டினர். அதன் இருப்பு குறித்து மாற்றுக் கருத்துகளும் உண்டு. செட்ராங், கிருஷ்ணாய் ஆற்றங்கரைகளைத் தோண்டிய ஆய்வாளர்கள், 1897-க்கு முன்னரே பீறிட்ட மணலின் தடங்களை மண்ணடுக்குகளில் கண்டனர். அப்பெருநிலநடுக்கம் அங்கு முதலாவது அன்று என்பதே அத்தடங்களின் பொருள்.

1897-க்குப் பின் அசாம் மக்கள் கற்சுவர்களைக் கைவிட்டு, மரச்சட்டத்தில் நாணல் வேய்ந்து காரை பூசிய இலகுவான வீடுகளுக்கு மாறினர். இன்று அவ்விடங்களில் கான்கிரீட் மாடிகள் நெருக்கமாக எழுகின்றன. மாடி கட்டுவது குற்றமில்லை. நிலநடுக்க விதிகளை மதியாமல் கட்டுவதே குற்றம். ஆற்றங்கரை மணலையும் மலைச்சரிவுகளையும் கண்மூடித்தனமாக வெட்டியெடுக்கும்போது, எதிர்கால ஆபத்தை அளந்தறியத் தேவையான சான்றுகளும் சேர்ந்தே அழிகின்றன. நிலநடுக்கம் வரும் நாளை எவராலும் கணிக்க இயலாது. அது எங்கே வந்திருக்கிறது, எவ்வளவு வலிமையோடு வந்திருக்கிறது என்பதை நிலம் எழுதி வைத்திருக்கிறது. அந்த எழுத்தைப் பாதுகாப்பதும், அதனைப் படித்துக் கட்டடம் எழுப்புவதும் அரசின் கடமை மட்டுமன்று. நம் ஒவ்வொருவரின் கடமையும் ஆகும்.