வைரஸைக் காட்டிக்கொடுக்கும் ஒளி... வழிபோட்டவர் நம்ம திருச்சிக்காரர்!

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில் தயாரான போன் உங்க கையில இருக்கலாம். அதோட கேமராவை எவ்வளவு ஜூம் பண்ணாலும் ஒரு கொரோனா வைரஸைப் பார்க்க முடியாது. வைரஸ் சுமார் 100 நானோமீட்டர்தான். நம்ம கண்ணுக்குத் தெரியுற ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர். சாதாரண மைக்ராஸ்கோப்பும் கைவிரிச்சிடும். ஆனா, ஒளியை வெச்சே வைரஸை அடையாளம் காண ஒரு வழி இருக்கு. அதைத் திறந்துவெச்சவர், சர் சி.வி.ராமன்.

1888-ல் திருவானைக்காவலில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படிச்சுட்டு, 18 வயசுலேயே கொல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆகிட்டார். நல்ல சம்பளம், கல்யாணமும் ஆச்சு. ஆனா, ஆபீஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழக ஆய்வுக்கூடமே கதின்னு கிடந்தார். பத்து வருஷம் இப்படியே ஓடுச்சு. 1917-ல் சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லைன்னு அரசு வேலையை விட்டுட்டு, கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். நீங்களா இருந்தா விட்டிருப்பீங்களா?

1921-ல் கப்பல் பயணம். மத்தியதரைக் கடல் ஏன் இவ்வளவு நீலம்? வானத்தின் பிரதிபலிப்புன்னு அன்னிக்குச் சொன்ன பதிலை அவர் ஏத்துக்கலை. கப்பல் தளத்திலேயே சின்ன பிரிஸம் ஒன்றை வெச்சு சோதிச்சுப் பார்த்தார். தண்ணீரே ஒளியைச் சிதறடிக்குதுன்னு புரிஞ்சது.

அந்தக் கேள்வியை விடாம துரத்தினார். 1928 பிப்ரவரி 28-ல், கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து செய்த ஆய்வில் விடை கிடைச்சது. ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிக மிகச் சிறிய பங்கு மட்டும் நிறம் மாறி வருது. எவ்வளவு மாறுதுங்கிறது அந்தப் பொருளின் மூலக்கூறுகளைப் பொறுத்தது. கிட்டத்தட்ட கைரேகை மாதிரி! 1930-ல் நோபல் பரிசு.

இன்னிக்கு சூரிய ஒளிக்குப் பதில் லேசர். தங்கம், வெள்ளி நானோ துகள்கள் அந்த மங்கலான சிக்னலைப் பல மடங்கு கூட்டிக் கொடுக்குது. ஆனாலும் எல்லா வைரஸிலும் புரதம் இருக்கிறதால கைரேகைகள் ஒரே மாதிரி தெரியும். இங்கதான் மெஷின் லேர்னிங் வருது. ஏராளமான சிக்னல்களைக் காட்டிப் பழக்கினா, நம்ம கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தை அது பிடிச்சிடும். எச்சில், சளி மாதிரி கலவையான மாதிரிகளில் தப்பில்லாம சொல்றதுதான் இன்னும் சவால். அதனால பி.சி.ஆர் டெஸ்ட்டுக்கு இன்னும் வேலை இருக்கு.

1970-ல் பெங்களூரில் ராமன் மறைஞ்சப்போ லேசர் வந்திருந்தாலும், வைரஸைக் காட்டிக்கொடுக்கும் இந்த வித்தை வந்திருக்கலை. அடுத்த பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்துக்கு ஸ்டேட்டஸ் போடும்போது, நோபலோட சேர்த்து அவர் வேலையை விட்ட 1917-ஐயும் நினைச்சுக்கோங்க மக்களே!