ஹொக்கிக்குப் பிள்ளை சேர்த்த அப்பிள்பீ அம்மையார்

விளையாட்டு அணிக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது எவ்வளவு பெரும்பாடு என்பதை எமது கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியைகளைக் கேட்டால் தெரியும். பத்தாம் வகுப்பு வரை மைதானத்தில் நிற்கும் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் காணாமற் போய்விடுவாள். நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டபோது, இந்தப் பெரும்பாட்டையே தம் வாழ்நாள் வேலையாக ஏற்றுக்கொண்ட கொன்ஸ்டன்ஸ் அப்பிள்பீ நினைவுக்கு வந்தார்.

அவர் 1873 ஜூன் 4ஆம் திகதி இங்கிலாந்தில், எசெக்ஸ் மாவட்டத்தில் பிறந்தார். சிறுவயதில் நோயாளிப் பிள்ளை. அதனால் வீட்டிலேயே கல்வி கற்றார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வி பயின்று ஆசிரியையானார்.

வைத்தியர் என்ற முறையில் அந்த 1873ஆம் ஆண்டை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. பொஸ்ரன் நகர வைத்தியர் எட்வேர்ட் கிளார்க், பெண்கல்வி பற்றிய தமது நூலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஆண்களைப் போலப் படிக்கும் பெண்களின் சக்தி முழுவதும் மூளைக்குப் போய்விடும், கருப்பையும் சூலகமும் வளர்ச்சி குன்றும் என்பது அவர் வாதம். ஆதாரம் என்று அவர் காட்டியது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நோயாளிகளைத்தான். ஆயினும் அந்நூல் பல பதிப்புகள் கண்டது. பிற்காலத்தில் பிரின் மோர் கல்லூரியின் தலைவியான கேரி தோமஸ் அம்மையாரே, அந்நூல் தம் இளமையில் ஊட்டிய அச்சத்தை நினைவுகூர்ந்திருக்கிறார். படிக்கும் பெண் நோயாளியாகிவிட மாட்டாள் என்று காட்டவேண்டிய கட்டாயம் பெண்கள் கல்லூரிகளுக்கு ஏற்பட்டது. அதற்காக மண்டபங்களுக்குள் உடற்பயிற்சி நடத்தினார்கள். மாணவியருக்கோ அது சலிப்பூட்டியது.

1901ஆம் ஆண்டுக் கோடையில், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் டட்லி சார்ஜென்ட் நடத்திய உடற்கல்விப் பயிற்சி நெறிக்கு அப்பிள்பீ சென்றார். அமெரிக்கப் பெண்களின் விளையாட்டுகள் என்று அங்கே பேசப்பட்டவை இசை நாற்காலி போன்றவை. அவையெல்லாம் விருந்து வீட்டில் ஆடுபவை, இங்கிலாந்தில் உடற்பயிற்சிக்கு நாங்கள் ஹொக்கி ஆடுகிறோம் என்று அவர் சொன்னாராம். சொன்னதோடு நில்லாமல், கையிற் கிடைத்த மட்டைகளைக் கொண்டு முற்றத்தில் ஆடியும் காட்டினார். வாசர் கல்லூரியின் உடற்கல்விப் பொறுப்பாளர் ஹரியட் பலன்ரைன் உடனே தமது கல்லூரிக்கு அழைத்தார். அந்த ஆண்டிலேயே ஸ்மித், வெல்ஸ்லி, மவுண்ட் ஹோலியோக், ராட்கிளிஃப், பிரின் மோர் என்று கல்லூரி கல்லூரியாக அப்பிள்பீ போனார்.

இன்று வாசிக்கும்போது இலகுவாகத் தோன்றுகிறது. ஆனால் ஓர் அணிக்குப் பதினொருவர் வேண்டும், பயிற்சி ஆட்டம் என்றாலே இருபத்திரண்டு பேர். அந்த விளையாட்டைக் கண்ணாற் கூடக் காணாத, நீளப் பாவாடை அணிந்த மாணவியரிடமிருந்து அந்த இருபத்திரண்டு பேரைத் திரட்டவேண்டும். கெட்டிக்காரிகளை மட்டும் பொறுக்கி எடுக்க அவருக்கு வழியே இருக்கவில்லை. வந்தவள் எவளாயினும் மட்டையைக் கொடுத்து ஓடவிட்டார். வழியில்லாமல் செய்தது என்றாலும், அதுவே சரியான வழி என்பது என் எண்ணம். முதல் நாளே திறமை தேடும் பயிற்றுநருக்கு அடுத்த ஆண்டு அணி கிடைப்பதில்லை.

1904இல் பிரின் மோரில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைத்தது. சுமார் கால் நூற்றாண்டு அங்கு பணியாற்றினார். மாணவியர் அவரை அப்பிள் என்றே அழைத்தார்கள். கண்டிப்பானவர், மைதானம் முழுக்கக் கேட்கும் குரல். முதலாம் ஆண்டு மாணவியர் இரண்டாம் ஆண்டினரோடு மோதுவது போன்ற வகுப்புப் போட்டிகளில், கல்லூரி அணியில் இடம் கிடைக்காதவர்களுக்கும் ஆட இடமிருந்தது.

அதன்பின் வந்த சிக்கலைத்தான் அவர் மிக நன்றாகக் கையாண்டார் என்பேன். பட்டம் பெற்றவள் விளையாட இடமில்லை, பாடசாலைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. 1922இல் அமெரிக்க ஹொக்கிச் சங்கம் உருவாக அவர் முன்னின்றார். விளையாட்டுப் பெண்களுக்கென்று ஒரு சஞ்சிகை நடத்தினார். பென்சில்வேனியாவின் போகோனோ மலையில் கோடைகால ஹொக்கி முகாம் தொடங்கினார். ஆசிரியைகளும் பயிற்றுநர்களும் அங்கே வந்து கற்றுத் தங்கள் பாடசாலைகளுக்குத் திரும்பினார்கள். பாடசாலையில் மட்டை பிடித்த பிள்ளை கல்லூரிக்கு வரும்போது, அவளைக் கெஞ்சி அழைக்கவேண்டிய தேவை குறைந்தது.

எங்கள் ஊரில் கிளார்க்கின் பெயரை யாருக்கும் தெரியாது, அவர் மூட்டிய பயம் மட்டும் இருக்கிறது. மகளுக்கு மாதவிடாய் குழம்பிவிடும், வெயிலிற் கறுத்துவிடுவாள், ரியூசன் தவறிவிடும் என்று சொல்லி, விளையாட்டிலிருந்து விலக்கக் கடிதம் கேட்டு என்னிடம் தாய்மார் வருகிறார்கள். எலும்பு பலமடைவது பெரும்பாலும் அந்த வயதிலேதான், ஓடவும் பாயவும் வேண்டிய காலம் அது என்று விளக்கிச் சொல்லுவேன். சிலர் கேட்பார்கள். சிலர் வேறு வைத்தியரிடம் போவார்கள்.

அப்பிள்பீ தொண்ணூறு வயதைக் கடந்தும் முகாமிற் பயிற்சியளித்தார். 1980இல் மொஸ்கோவில் பெண்கள் ஹொக்கி முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது அவருக்கு 107 வயது. அமெரிக்கா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அதன் பெண்கள் அங்கே ஆடவில்லை. 1981 ஜனவரி 26இல் அவர் இங்கிலாந்திற் காலமானார். அந்த ஆண்டின் இறுதியில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தனது முதலாவது பெண்கள் ஹொக்கிச் சம்பியன் போட்டியை நடத்தியது. கனெக்ரிகட் பல்கலைக்கழக அணி வென்றது.