வண்டிச் சக்கரக் காசு தந்த போல்டன்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1728-ம் ஆண்டு பிறந்தவர் மாத்யூ போல்டன். தந்தை சிறு உலோகச் சாமான்கள் செய்து விற்றவர். மகன் அத்தொழிலைப் பெருக்கி, சோகோ என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலை கட்டினார். நீராவி எந்திர மேதை ஜேம்ஸ் வாட்டுடன் 1775-ல் கூட்டுச் சேர்ந்தார்.

அக்காலத்தில் அங்கே கள்ளச் செப்புக் காசு மலிந்து கிடந்தது. சில முதலாளிகள் அதை மலிவாக வாங்கி, கூலியாகக் கொடுத்து விடுவார்கள். கடைக்காரர் வாங்க மறுப்பார். நட்டம் தொழிலாளிக்கு!

இதற்கு முடிவு கட்ட எண்ணிய போல்டன், 1788-ல் சோகோவில் நாணயசாலை அமைத்தார். நீராவி அச்சுகள் எல்லாக் காசுகளையும் ஒரே அளவாக அடித்தன. ஆயினும் அரசாங்க ஒப்பந்தம் 1797-ல்தான் கிடைத்தது.

அவ்வாண்டுப் பென்னியின் எடை ஒரு அவுன்ஸ். மதிப்புக்கு ஏறக்குறைய ஈடான செம்பு அதில் இருந்ததால், போலி அடிப்பவர்களுக்கு லாபம் குறைந்தது. அகன்ற விளிம்பைக் கண்ட மக்கள் வண்டிச் சக்கரம் என்று பெயரிட்டனர்.

அந்தப் பென்னியில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் சூடிய மாலையில் இலைகள் 10-ஆ, 11-ஆ என்று காசு சேகரிப்போர் இன்றும் எண்ணிப் பார்க்கிறார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானிக்கும் 10 காசு, 20 காசு நாணயங்கள் சோகோவில் அச்சாயின. 1808-ம் ஆண்டு நாணயங்களுடன் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு 17-ல் போல்டனும் மறைந்தார்.

கடலடியில் கிடந்த அந்த நாணயங்கள் 1980-களில் மீட்கப்பட்டன. சென்னைக் கடைத்தெருவுக்கு வரவேண்டிய காசு, சேகரிப்போர் பெட்டியில் அடங்கிவிட்டது!