மிருதங்கத்தில் ராமன் கேட்டது என்ன?

சி.வி.ராமன்னாலே நமக்கு ஒளிச்சிதறலும் நோபலும்தான் ஞாபகம் வரும். ஆனால், அவரை முதலில் பிடித்து ஆட்டியது ஒலி. 1888-இல் திருச்சியில் பிறந்தவர். அப்பா வயலின் வாசிப்பார். மனைவி லோகசுந்தரி வீணை. 1907-இல் கல்கத்தாவில் அரசு நிதித்துறை வேலை. பகலெல்லாம் கணக்கு, காலையும் மாலையும் பவ்பஜார் ஆய்வுக்கூடம். 1917-இல் அந்த வேலையையே உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். இன்றைக்கு யார் செய்வாங்க?

கம்பி அதிர்ந்தால் அடிப்படை ஒலியோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து வரும். இவைதான் மேற்சுரங்கள். சீராக இழுத்துக் கட்டிய தோலில் அவை 1.59, 2.14, 2.30 மடங்கு என்று தாறுமாறாக வரும். அதனால்தான் சாதாரண மேளத்தில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை.

மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதி சேர்கிறது? வலது பக்கத் தோலின் நடுவில் பூசிய கரணைதான் காரணம். அந்தக் கறுப்புப் பசையின் எடை, அதிர்வுகளை முழு மடங்குகளுக்கு இழுத்து வருகிறது. செய்தவர்கள் காதை நம்பியே இதைப் பிடித்திருந்தார்கள். ராமன் 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

நோபலுக்குப் பிறகும் அவர் விடவில்லை. 1934-இல், தோல்மேல் மணலைத் தூவி, அதிராத கோடுகளில் அது ஒதுங்குவதை வைத்து, ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்தே சுரங்களாகச் சேர்வதைக் காட்டினார்.